கையிருப்பு பதினெட்டு நிமிடம்

கதவுக் கண்ணாடி சடாரென்று உடைந்து உள்ளே கொட்டியது. அந்த ஓட்டை வழியாக ஒரு கை நுழைந்து தாழ்ப்பாளைத் தடவியது. நகக்கண்ணெல்லாம் கிரீஸ். அந்தக் கையை நேரக்காரம்மாவுக்கு நன்றாகத் தெரியும். தங்கையின் கழுத்தில் அதன் ஐந்து விரல்களும் பதிந்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

"என்ன அண்ணி, வீட்டு மாப்பிள்ளை வந்திருக்கேன். எழுந்து வந்து கதவைத் திறக்கறதில்ல?"

மணி பத்து ஐந்து.

அந்தச் சின்ன விமான நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பும், எவ்வளவு எரிபொருள், எத்தனை பேர், எந்தப் பாதை என்று கணக்குப் போட்டு, கையெழுத்திட்டு விமானியிடம் கொடுப்பது அவள் வேலை. அதனால் நேரக்காரம்மா. அன்றைய தாளைக் கேப்டன் பத்து மணிக்கே வாங்கிக்கொண்டு போய்விட்டார். அறையில் அவள் மட்டும்தான். வெளியே எஞ்சினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் கண்ணாடி என்ன, கூரையே விழுந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது.

தங்கை புருஷன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். டயர் கடை வைத்திருப்பவன். லாரி டயரை ஒற்றை ஆளாகக் கழற்றுவான். கல்யாணமான நான்கு வருடத்தில் தங்கையின் தோள்பட்டையையும் ஒருமுறை அப்படித்தான் கழற்றினான். போலீஸ் இரண்டு தடவை பிடித்துக்கொண்டு போனது. இரண்டு தடவையும் மூன்றாம் நாள் வெளியே வந்தான். வந்த அன்றைக்கே அடி இரட்டிப்பாக விழுந்தது. போன மாதம் தங்கை கட்டிய துணியோடு ஓடிவந்துவிட்டாள். அவள் எங்கே இருக்கிறாள் என்பது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

"எங்க அவ?"

"தெரியாது."

"அண்ணி, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. அதைக் கெடுத்துக்காதீங்க."

நேரக்காரம்மா மேஜையில் இருந்த பஞ்சிங் மெஷினை எடுத்து அவன் முகத்தில் எறிந்தாள். புருவம் பிளந்தது. அவன் ரத்தத்தைத் துடைக்கக்கூட இல்லை. எட்டி அவள் கொண்டையைப் பிடித்து முகத்தை மேஜையில் மோதினான். ஒருமுறை. இரண்டுமுறை. மூக்கிலிருந்து கொட்டிய ரத்தம் பயணிகள் பட்டியலில் பரவியது. அப்புறம் மேஜையின் இரும்பு ட்ராயரை இழுத்தான். அவள் இடது கையை உள்ளே திணித்தான். இடுப்பால் ஒரு இடி.

இரண்டு விரல் உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"இப்ப தெரியுமா?"

"தெ... தெரியாதுடா நாயே."

அவன் சிரித்தான். மறுபடி ட்ராயரை இழுக்கப் போனவன், சுவரைப் பார்த்து நின்றான்.

சுவரில் ஓர் ஆணி. ஆணியில் குத்திய சீட்டுகள். மலைக்கு அந்தப் பக்கத்து விமான நிலையத்திலிருந்து தினமும் ஒரு சீட்டு படமாக வரும். விமானம் வந்து நின்றதும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து நிறுத்துவார்கள். கட்டை கொடுத்த நேரத்தை, கொடுத்தவரே தன் கையால் எழுதி அனுப்ப வேண்டும் என்பது அங்கே ஒழுங்கு. நேரக்காரம்மா அதை அச்செடுத்துக் குத்தி வைப்பாள். மேலாக இருந்தது பதினேழாம் தேதிச் சீட்டு. கட்டை கொடுத்த நேரம் பதினொன்று மூன்று.

அவன் அதைப் பிய்த்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தான்.

"ஏழுக்கு நடுவுல குறுக்குக் கோடு போடற ஆளு எனக்குத் தெரிஞ்சு ஒருத்திதான் அண்ணி. கடையில பில்லு எழுதும்போது அதுக்காகவே ரெண்டு அறை வாங்கியிருக்கா."

நேரக்காரம்மா ஒரு மாதமாக எல்லாவற்றையும் மறைத்தாள். போன் நம்பரை மாற்றினாள், வீட்டுக்குப் போகும் வழியை மாற்றினாள். தங்கையின் கையெழுத்தைத் தானே அச்செடுத்து, தானே ஆணியில் மாட்டி வைத்தாள்!

அவன் சுவரில் இருந்த கால அட்டவணையில் விரலை வைத்துத் தேடினான். கிளம்புவது பத்து முப்பது. போய்ச் சேர்வது பதினொன்று இருபது.

"அம்பது நிமிஷம்! பொண்டாட்டி அம்பது நிமிஷ தூரத்துல இருக்கா, நான் ஒரு மாசமா லாரி லாரியா ஏறித் தேடறேன். என்னை மாதிரி கேனையன் உண்டா அண்ணி?"

ரேடியோப் பெட்டியையும் சுவர்க்கடிகாரத்தையும் தூக்கித் தரையில் அடித்தான். அவள் செல்போனைக் குதிகாலால் நசுக்கினான். அவளைத் தரதரவென்று இழுத்து ரெக்கார்டு ரூமில் தள்ளி, வெளியே தாழிட்டான். ஏதோ எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு காலடி தேய்ந்தது.

ரெக்கார்டு ரூமுக்கு ஜன்னல் கிடையாது. அவள் தோளால் இடித்தாள். உதைத்தாள். கத்தினாள். எஞ்சின் இரைச்சல் ஏறியது, ஓடியது, மேலெழும்பி மெலிந்தது. பத்து முப்பது. ஒரு விநாடி பிசகவில்லை. அவள் விமானம் எப்போதும் பிசகுவதில்லை.

பத்து முப்பத்தைந்துக்கு லோடர் வந்து தாழ்ப்பாளைத் திறந்தார். மூட்டை தூக்கியே கழுத்து குட்டையான மனிதர். அவளைப் பார்த்ததும் கையில் இருந்த டீ சிந்தியது.

"அம்மா! யாரும்மா...?"

"கிரீஸ் கையோட ஒருத்தன் ஏறினானா?"

"ஏறினானே. டிக்கெட் வாங்கிக் கடைசியா ஓடி வந்தான். புருவத்துல கர்ச்சீப் கட்டியிருந்தான். மெட்டல் டிடெக்டர் சட்டம்கூடக் கத்துச்சு."

அந்தச் சட்டம் பெல்ட்டுக்கும் கத்தும், வளையலுக்கும் கத்தும், யாருமே நுழையாவிட்டாலும் சும்மா கத்தும். அது கத்தினால் 'போங்க, போங்க' என்று கையாட்டுவதுதான் அங்கே சோதனை.

நேரக்காரம்மா ட்ராயரைப் பார்த்தாள். ஒரு முழ நீள ஸ்க்ரூடிரைவர் இருந்த இடம் காலி.

லோடரின் போனைப் பிடுங்கி, மனப்பாடமான எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியில் தங்கை எடுத்தாள். பின்னால் ஓடுபாதைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"அடியே, அவன் வர்றான். பிளேன்ல. கையில ஸ்க்ரூடிரைவர் வச்சிருக்கான்."

அந்தப் பக்கம் கட்டைகளைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா... ட்ராயரா?"

அவன் ட்ராயரைத் தங்கையிடமும் பயன்படுத்தியிருக்கிறான் என்பது அப்போதுதான் அக்காவுக்குத் தெரிந்தது.

"ம். அதை விடு. ஓடு. எங்கயாவது உள்ள போய்ப் பூட்டிக்கோ. போலீஸைக் கூப்பிடு."

"போலீஸுக்கு நான் சொல்லிக்கறேன். நீ அழாத. கையைத் தண்ணியில வை."

தங்கை போனை வைத்துவிட்டாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று நேரக்காரம்மா அந்த ஊர் போலீஸ் நிலையத்துக்கும் அடித்தாள். பிடித்து, சேர்த்து, மாற்றிக் கொடுத்து, சப்-இன்ஸ்பெக்டர் வரும்போது பத்து நாற்பத்தொன்பது.

"தகவல் வந்திருச்சும்மா. பதினொன்னு இருபது. குறிச்சு வச்சிருக்கேன். இன்னும் அஞ்சு நிமிஷத்துல ஜீப்பை எடுத்தா, அவன் இறங்கறதுக்கு முன்னாடியே படிக்கட்டுல நிப்போம். பயப்படாதீங்க."

நேரக்காரம்மா சுவரில் இருந்த அட்டவணையைத் திரும்பிப் பார்த்தாள்.

பதினொன்று இருபது என்பது அட்டவணை நேரம். அதைப் போட்டவளே அவள்தான்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நேர்கோட்டில் நூற்று நாற்பத்தாறு கிலோமீட்டர். மலையைச் சுற்றும் சாலையில் போனால் முந்நூற்றுப் பத்து, ஆறு மணி நேரம். வானத்தில் முப்பத்திரண்டே நிமிடம். மூன்று வருடம் முன்புவரை அட்டவணையிலும் அப்படித்தான் இருந்தது. கொஞ்சம் காற்றடித்தாலும் தாமதம், தாமதம் என்று பயணிகள் கூச்சல். ஒருநாள் நேரக்காரம்மா உட்கார்ந்து யோசித்து, முப்பத்திரண்டை ஐம்பதாக்கினாள். கையிருப்பாகப் பதினெட்டு நிமிடம். அன்றிலிருந்து விமானம் ஒருநாள்கூடத் தாமதமில்லை. எல்லாருக்கும் சந்தோஷம். தலைமை அலுவலகம் அவளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தது. அது இப்போது தரையில் உடைந்து கிடந்தது.

"சார், கேளுங்க! பதினொன்னு ரெண்டுக்கு இறங்கிடும். இப்பவே கிளம்புங்க!"

"அட்டவணையில..."

"அட்டவணை பொய் சார்! அதை எழுதினவ நான்தான்!"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "டேய், வண்டியை எடு! அம்மா, இங்கேருந்து இருபத்து மூணு நிமிஷம் ஆகும்மா. பறந்தாலும் பதினொன்னு பதிமூணு."

பதினொன்று இரண்டுக்கும் பதிமூன்றுக்கும் நடுவே பதினோரு நிமிடம். ஒரு முழ நீள ஸ்க்ரூடிரைவர். நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள தங்கை.

மறுபடி தங்கைக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. பயத்தில் அட்டவணையைப் பார்த்துச் சொல்லித் தொலைத்துவிட்டாள் பைத்தியக்காரி. நேரத்தை நாமாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

"தீயணைப்பு வண்டியில கையடக்க ரேடியோ இருக்குல்ல?" என்றாள்.

லோடர் அந்தக் குட்டைக் கழுத்தோடு ஓடியதை வேறொரு நாளாக இருந்தால் பார்த்துச் சிரித்திருப்பாள்.

விமானம் உயரத்தில் இருந்ததால் ரேடியோ எட்டியது. பன்னிரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். விமானி ஒருவர்தான். அவருக்கும் முதல் வரிசைக்கும் நடுவே கதவு கிடையாது, திரைகூடக் கிடையாது.

"கேப்டன், வாயைத் திறக்காதீங்க. நான் பேசறது உங்க காதுக்கு மட்டும்தான் கேக்கும். ஆமான்னா பேசற பட்டனை ஒரு தடவை அமுக்குங்க. இல்லைன்னா ரெண்டு."

டிக்.

"உங்க முதுகுக்குப் பின்னாடி, புருவத்துல துணி கட்டினவன் உட்கார்ந்திருக்கானா?"

டிக்.

"ஆயுதம் இருக்கு. இறங்கினதும் என் தங்கச்சியைக் கொல்லப் போறான். போலீஸ் பதினொன்னு பதிமூணுக்குத்தான் வரும்."

திரும்பி வரச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். இங்கே மட்டும் யார் இருக்கிறார்கள்? டீ சிந்திய லோடரும் அவளும்தான். அதற்குள் அவன் உள்ளேயே யாரையாவது குத்திவிட்டால்?

"கேப்டன், பதினோரு நிமிஷம் வானத்துல வச்சிருங்க. மெதுவா, தெரியாம சுத்துங்க. முடியுமா?"

கொஞ்சம் தாமதித்து, டிக்.

அப்புறம் இரைச்சல் மட்டும். பத்து ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. பதினொன்று. லோடர் அவள் விரல்களை ஈரத்துணியில் சுற்றினார். அவள் ரேடியோவைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தாள். பதினொன்று இரண்டு தாண்டியது. அவளுக்கு மூச்சு வந்தது.

திடீரென்று ரேடியோவில் பேச்சுக் குரல். கேப்டன் பட்டனை வேண்டுமென்றே அமுக்கிப் பிடித்திருக்கிறார்.

"ஏம்ப்பா டிரைவர், எங்க போய்க்கிட்டிருக்க?"

"மேகம் சார். விலகினதும் இறங்கிடலாம்."

"மேகமா? வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கு. டயர்காரன்கிட்டயே ரவுண்டு அடிக்கிறியா? அந்த நீலக் கூரையை ரெண்டாவது தடவை பாக்கறேன். யார்ரா சொன்னது உனக்கு? அண்ணியா?"

"சார், உட்காருங்க. பெல்ட்டைப் போ..."

சதையில் எதுவோ சொருகிய சத்தம் ரேடியோவில் கேட்குமா? நேரக்காரம்மாவுக்குக் கேட்டது. கேப்டன் அலறினார். பின்னால் ஒரு பெண் வீறிட்டாள். ஒரு கிழவர் "ஐயோ விட்ருப்பா, விட்ருப்பா" என்றார். ஒரு அறை. கிழவர் குரல் நின்றது.

"இது தோள்பட்டை டிரைவர். அடுத்தது காதுக்குள்ள. இறக்கு."

"இறக்கறேன்... இறக்கறேன்..."

விமானம் தாழ்ந்தது. ரேடியோ கரகரத்து அறுந்தது. மணி பதினொன்று ஆறு.

ஏழு நிமிடம் குறைந்தது.

அந்த ஏழு நிமிடத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்று பிறகு கேட்டவர்களுக்கு லோடர்தான் பதில் சொன்னார்: "உடைஞ்ச கடிகாரத்தைத் தரையிலிருந்து எடுத்து, மடியில வச்சு, அந்த முள்ளையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அது ஓடவேயில்லை."

பதினொன்று பதினைந்துக்குப் போன் அடித்தது. சப்-இன்ஸ்பெக்டர்.

"அம்மா, உங்க தங்கச்சி உயிரோட இருக்காங்க. கையில ஒரு கீறல், அவ்வளவுதான்."

"அவன்?"

"ஆம்புலன்ஸ்ல ஏத்தியிருக்கோம்," என்றவர், "சும்மா ஏத்தினோம்னு வைங்க, உயிர் அப்பவே போயிடுச்சு" என்றார்.

மாலை விமானம் ரத்து. லோடர் தன் மச்சான் வேனை வாங்கி வந்தார். மூக்கில் பிளாஸ்திரி, கையில் மாவுக்கட்டு, மலையைச் சுற்றி ஆறு மணி நேரம். பாதி வழியில் கேப்டன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து போன் செய்தார். குரல் உலர்ந்திருந்தது.

"நிறுத்தினதும் கதவை உடைக்காத குறையா திறந்து குதிச்சான் மேடம். பார்த்தா, எதிர்ல உங்க தங்கச்சி ஒத்தையா நிக்கறாங்க. ஆரஞ்சு சட்டை, காதுல இரைச்சல் மூடி, கையில கட்டை. எப்பவும் அங்க மூணு பேர் நிப்பாங்க. மத்த ரெண்டு பேரைக் காணோம். டீ குடிச்சிட்டு வாங்கன்னு இவங்களே அனுப்பிட்டாங்களாம்."

"ஓடலையா அவ?"

"ஓடலை. முதல்ல குனிஞ்சு முன் சக்கரத்துக்கு ஒரு ஜோடிக் கட்டையைக் கொடுத்தாங்க. அவன் பக்கத்துல வர்றான், இவங்க வேலையைப் பாக்கறாங்க. அவன் சிரிச்சான். 'வாடி, வீட்டுக்குப் போலாம்'னான். இன்னொரு ஜோடி கையில இருந்துச்சு. ரெண்டு கட்டையையும் கயிறு போட்டுக் கட்டியிருப்பாங்க இல்ல, அந்தக் கயித்தைப் பிடிச்சு ஒரு சுத்துச் சுத்தினாங்க. கட்டை முட்டியில விழுந்துச்சு. தேங்காய் உடைஞ்ச மாதிரி. அவன் விழுந்துக்கிட்டே குத்தினான், அதுதான் கையில கீறல். ரெண்டாவது தாடையில. ஸ்க்ரூடிரைவர் உருண்டு ஓடிடுச்சு."

வேன் ஒரு கொண்டை ஊசி வளைவில் முனகியது.

"மூணாவது அடி தேவையே இல்லை மேடம். அவன் எழுந்திருக்கற நிலைமையில இல்லை. அதை நான் போலீஸ்ல சொல்லலை. மத்த யாரும் சொல்லலை. அந்தப் பெரியவருக்கு அவன் விட்ட அறையில ரெண்டு பல்லு போயிடுச்சு. 'நான் கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்'னு எழுதிக் கொடுத்துட்டார்."

போலீஸ் நிலையத்தை அடையும்போது வெயில் சாய்ந்திருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வாசலுக்கே வந்தார். பெரிய மீசை, சின்னக் குரல்.

"தற்காப்புதாம்மா. பத்துப் பேர் சாட்சி, விமானி ஒருத்தர், ஆயுதம் கையில. ஜாமீன்ல விட்ருவாங்க. எனக்குத்தான் மனசு உறுத்துது. பதினோரு நிமிஷம் முன்னாடி போயிருந்தா அந்தப் பொண்ணு இதைப் பண்ண வேண்டி வந்திருக்காது."

"உங்க தப்பு இல்ல சார்," என்றாள் நேரக்காரம்மா. "நான் வச்ச அந்தப் பதினெட்டு நிமிஷம் பண்ணின வேலை."

உள் அறையில் ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி, ஓரமாகப் பழைய பீரோ. தங்கை பெஞ்சில் நேராக உட்கார்ந்திருந்தாள். ஆரஞ்சு சட்டையின் முன்பக்கம் காய்ந்து விறைத்திருந்தது. யாரோ கொடுத்த பன்னைப் பாதி தின்று, மீதியைத் தாளில் பத்திரமாக மடித்து வைத்திருந்தாள். நான்கு வருடத்தில் முதல் தடவையாக, கதவு திறந்த சத்தத்துக்கு அவள் தோள் துள்ளவில்லை.

அக்கா அவள் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தாள். அழுகைதான் வந்தது.

"என்னை மன்னிச்சிருடி. கையெழுத்தைச் சுவத்துல மாட்டினதும் நான். பொய் நேரத்தை எழுதினதும் நான். அந்த அட்டவணை ஒழுங்கா இருந்திருந்தா போலீஸ் நேரத்துக்கு வந்திருக்கும். அவனை உயிரோட பிடிச்சிருப்பாங்க. நீ கையில ரத்தத்தோட இங்க உட்கார்ந்திருக்க மாட்ட."

தங்கை அக்காவின் மாவுக்கட்டுக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே வராண்டாவைப் பார்த்தாள். யாரும் இல்லை. குனிந்து, காதோடு சொன்னாள்:

"தினமும் கட்டை கொடுத்துட்டு நேரம் எழுதி அனுப்பறவ நான்தானேக்கா, எப்ப இறங்கும்னு எனக்குத் தெரியாதா? போலீஸ்காரர் ரெண்டு தடவை திருப்பிக் கேட்டார், ரெண்டு தடவையும் நான்தான் பதினொன்னு இருபதுன்னு சொன்னேன்."